பெயிண்ட் வாடை போகும்வரை

வெளியில் படுப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, கூரைக்குக் கீழே தூங்கிய இரவுகளைவிட வானத்துக்குக் கீழே தூங்கிய இரவுகள்தான் எனக்கு அதிகம். போர்வெல் லாரியோடு ஆந்திரா, ஒடிசா என்று சுற்றியபோது லாரிக்கு அடியில் படுத்திருக்கிறேன். பெங்களூரில் பெயிண்ட் வேலைக்குப் போனபோது, கட்டி முடியாத மாடிகளில் சிமெண்டுச் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறேன். அதையெல்லாம் கஷ்டம் என்று நினைத்ததில்லை. வேலை முடிந்தது, படுத்தோம், எழுந்தோம், அவ்வளவுதான். ஆனால் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்து, வெளியில் தங்குவதற்காகவே கிளம்பியது போன கோடையில்தான். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய் வந்த வேலை அது.

மகளுக்கு இளைப்பு உண்டு. ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். நான் ஊர் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் அவளும் அம்மாவும் அருப்புக்கோட்டையில் தறிக்கூடங்களுக்கு நடுவே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மனைவி அங்கேயே நூல் சுற்றும் வேலை பார்த்தாள். சன்னலைத் திறந்தால் பஞ்சுத் தூசி, மூடினால் புழுக்கம். பிள்ளைக்குப் பாதி ராத்திரி உட்கார்ந்தபடியே போகும். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் இழுப்பு மருந்து கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதான். தூசி, புகை, பூசணம் இல்லாத இடமாப் பாருங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் நான் வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, நாலாபக்கமும் காற்று. வீட்டுக்காரம்மா மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம், பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். மகன் சவுதியில்.

"ரெண்டு வருசமாப் பூட்டிக் கெடக்கு தம்பி. மகன் வந்து மராமத்துப் பாப்பான்னு இருந்தேன். அவன் போனுக்குள்ளதான் வாரான், வீட்டுக்குள்ள வரமாட்டேங்கான்" என்றபடி கதவைத் திறந்துவிட்டார்.

போன மழையில் மொட்டைமாடி ஒழுகி, உள்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. இளைப்புக்காரப் பிள்ளைக்கு ஆகவே ஆகாத வீடு. ஆனால் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிட்டால் அதைவிட நல்ல வீடு எங்கள் கைக்கு எட்டாது.

"நீங்களே அடிச்சுக்கிறதா இருந்தா அட்வான்ஸ் வேணாம். ஒண்ணே ஒண்ணு, பஞ்சுமிட்டாய் கலர மட்டும் அடிச்சுராதீக" என்றார் வீட்டுக்காரம்மா.

விஷயத்தைக் கேள்விப்பட்டு, மனைவியின் அண்ணன் திருச்சுழியிலிருந்து வந்துவிட்டார். நல்ல மனிதர். நான் ஊரில் இல்லாத காலத்தில் இவர்களுக்கு ஒன்றென்றால் ஓடி வந்தவர் அவர்தான். அதனால் அவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

"மாப்ள, பெயிண்டு அடிங்க, சந்தோசம். பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள பிள்ள அந்த வீட்ல மூச்சு வாங்காமத் தூங்கிருச்சுன்னா எனக்கு ஒரு பேச்சும் இல்ல. இல்லன்னா தங்கச்சியும் பிள்ளையும் எங்க வீட்டுக்கு வந்துரட்டும். பள்ளிக்கூடத்துலகூடப் பேசி வச்சுட்டேன். நீங்க எப்பவும்போல லாரி ஏறுங்க."

மனைவியைப் பார்த்தேன். "அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கும் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் ஆளுக்கொரு ஊரில் இருப்பதா, ஒரே வீட்டில் இருப்பதா என்பது சுவரைப் பொறுத்து என்றாகிவிட்டது.

பெயிண்ட் வாங்க மகளையும் அழைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக் கடைக்குப் போனேன். புது டின் வாங்குகிற ஆள் இல்லை நான். பெரிய கடைகளில் மிஷினில் கலர் கலந்து கொடுப்பார்கள். கலந்த பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன டின்கள் ஒரு மூலையில் கிடக்கும். அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பெங்களூரில் எங்கள் பெயிண்ட் மேஸ்திரி காட்டிக்கொடுத்த வழி அது.

கடைக்காரர் ஒரு டின்னைத் திறந்தார். "கல்யாண வீட்டுக்குக் கலந்ததுண்ணே. மாப்பிள்ள வீட்டுக்காரக பாத்துட்டு வேணாம்னுட்டாக."

மகள் எட்டிப் பார்த்தாள். "யப்பா, இது கீரைய மென்னு துப்புன கலரு."

"பாப்பா, இதுல வெள்ளையக் கலந்து பாரு. பிஞ்சு வெள்ளரிக்கா கலர் வரும். அப்பறம் நீயே கடிச்சுப் பாப்ப" என்றார் அவர்.

பிஞ்சு வெள்ளரிக்காய் முன்னறைக்கு என்று முடிவானது. உள்ளறை அவளுடையது. அதற்கு மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்காத புது வெள்ளை வேண்டும் என்றாள். வாங்கினேன். அதில் மஞ்சள் சாயக் குப்பியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி எலுமிச்சை நிறம் கொண்டுவர வேண்டும், சொட்டு விடுவது அவள்தான் என்று கடையிலேயே ஒப்பந்தம் பேசிக்கொண்டாள். எண்ணெய்ப் பெயிண்ட் ஒரு சொட்டும் வாங்கவில்லை. அந்த வாடை அவளுக்கு ஆகாது. கதவு சன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அப்படியே விட்டேன். வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "செவரு கல்யாணத்துக்குக் கெளம்பி நிக்கிது, கதவு எழவு வீட்டுக்குக் கெளம்பி நிக்கிதே தம்பி" என்றார்.

சுரண்டும் வேலையை நான் தனியாகச் செய்தேன். பெயிண்ட் கலக்கும் நாளில் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் வாசலில் உட்கார்ந்து மஞ்சள் சொட்டு விட்டாள். தண்ணீர் சேர்ப்பதற்காக நான், குடிக்க என்று வீட்டுக்காரம்மா சமையல்கட்டில் வைத்திருந்த குடத்தைத் தூக்கினேன். மனைவி குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நல்ல தண்ணிய எடுத்துச் செவத்துக்கா ஊத்துவாக? பாத்தவுக சிரிக்க மாட்டாக?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. வந்தால் குடம் குடமாகப் பிடித்து மூடி வைப்போம். அது குடிக்க, சோறு வடிக்க. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். குளித்தால் சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளையாக வளையம் படியும், அப்படிப்பட்ட உப்பு. நல்ல தண்ணீரில் கை கழுவினாலே எங்கள் வீடுகளில் முறைப்பார்கள். பெங்களூரில் குழாயைத் திறந்துவிட்டுக் கலந்தவன் நான், அங்கே தண்ணீரில் இரண்டு சாதி கிடையாது. மனைவி சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது. போர் தண்ணீரை அடித்து ஊற்றிக் கலந்தேன். சுவருக்கு இரண்டு பூச்சு அடித்தேன். அன்று சாயங்காலம் அறைகள் இரண்டும் அவ்வளவு அழகாக இருந்தன. மகள் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, உள்ளே வர விடும்படி கெஞ்சினாள்.

தண்ணீர்ப் பெயிண்ட் என்றாலும் வாடை போகச் சில நாள் ஆகும். அருப்புக்கோட்டை அறையை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். சாமான்களை வீட்டுக்காரம்மாவின் வத்தல் குடோனில் அடுக்கிவிட்டோம். நாங்கள் எங்கே போவது?

"அண்ணன் வீட்டுக்குப் பையோட போயி நின்னேன்னா அப்பறம் திரும்பி வார ஆளு நான் இல்ல. சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

அப்போதுதான் எனக்கு எங்கள் குலசாமி கோயில் ஞாபகம் வந்தது. நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. ஆலமரம், ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் ஊருணி. மாசி சிவராத்திரிக்கு வண்டி வண்டியாகப் பங்காளிகள் வந்து இறங்கி, பாய் விரித்து, பொங்கல் வைத்துத் தங்கிப் போவோம். மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர்கள் தவிர ஆள் இருக்காது. பூசாரிக்குப் போன் போட்டேன்.

"சாமிக்கு ஒரு நா பொங்கல் வச்சுருங்க. மத்தபடி எத்தன நாளும் கெடங்க. ஒங்க சாமிதான, யாரு கேக்கப் போறா?" என்றார்.

சுற்றுலா போகிறோம் என்று மகளிடம் சொன்னேன். எங்கே என்றாள். சொன்னேன். "அது சாமி கும்பிடுறதுப்பா, சுற்றுலா இல்ல" என்றாள். செலவில்லாமல் போகிற சுற்றுலா என்று சமாளித்தேன்.

திட்டம் போடுவதில் எனக்கும் மனைவிக்கும் சண்டை. நான் லாரியோடு திரிந்த கணக்கில் ஒரு சட்டி, ஒரு பாய், ஒரு டார்ச் லைட் போதும் என்றேன். அவள் சிவராத்திரிக் கணக்கில் எடுத்து வைத்தாள்.

"ஆட்டுரல மட்டும் ஏன் விட்ட? அதையும் தூக்கி வை."

"பேசுவீக. அங்க வந்து உப்பு இல்ல, ஊறுகா இல்லன்னு என் மூஞ்சியத்தான பாப்பீக."

கடைசியில் அவள் கணக்குத்தான் சரியாக இருந்தது. விறகுப் புகை ஆகாது என்று சின்ன கேஸ் அடுப்பை எடுத்து வைத்தவள் அவள்தான். கொசுவர்த்தியும் ஆகாது என்று பழைய நைலான் சேலை இரண்டை இணைத்துத் தைத்துக் கொசுவலை ஆக்கியிருந்தாள். கம்பைக் காய்ச்சி உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டால் இரண்டு பொழுதுக்கு அடுப்பே வேண்டாம். வெங்காயமும் மோர்மிளகாயும் போதும். வாங்கியது என்று எதுவும் இல்லை. எல்லாம் வீட்டில் கிடந்தவை. மேலே கட்டத் தார்ப்பாயை வீட்டுக்காரம்மா கொடுத்தார். ஆடு ஏற்ற நரிக்குடிக்குக் காலியாகப் போகிற லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டோம்.

ஆலமரத்தடியில் இறங்கித் தார்ப்பாயைப் பிரித்து உதறினேன். அவ்வளவுதான். அது வத்தல் காயப்போடுகிற தார்ப்பாய். மூன்று பேரும் நிறுத்தாமல் தும்முகிறோம், கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். நல்ல வேளை, காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பிள்ளைக்குத் தும்மலோடு போயிற்று, இளைப்பு வரவில்லை.

"வாடகை வாங்காமக் குடுத்தாகள்ல, அதான் தும்ம வச்சு வசூல் பண்ணிட்டாக" என்று மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். பயந்துபோய்த்தான் இருந்தாள், ஆனாலும் சிரித்தாள்.

தார்ப்பாயைக் கண்மாயின் பள்ளத்தில் மிச்சமிருந்த தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போய் மாற்றி மாற்றி அலசினேன். காயும்வரை மரத்துக்கு அடியில், வலைக்குள் மூன்று பேரும் படுத்தோம்.

"யப்பா, நீ வெளியூர்ல இப்பிடித்தான் தூங்குவியா?"

"ஆமாத்தா."

"நல்லாத்தான இருக்கு. அம்மா பாவம்னு சொல்லிச்சு."

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைந்துபோகிறது. காலையில் மயில்கள் கரையில் இறங்கும். வெயில் ஏறினால் ஆலமரத்து நிழலை விட்டு நகர மாட்டோம். மகள் விழுதைப் பிடித்து ஆடுவாள், மூச்சு வாங்கும், ஆனால் ஆடிய மூச்சு அது, இளைப்பு இல்லை. பொங்கல் வைத்த நாளில் மட்டும் விறகு மூட்டினோம். காற்று எந்தப் பக்கம் என்று சேலை முந்தானையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து, பிள்ளையை மாற்றி மாற்றி உட்கார வைத்தாள் மனைவி. ஊருணித் தண்ணீர் கற்கண்டு. அதில் வடித்த சோறே வேறு ருசி. பிள்ளை ராத்திரியெல்லாம் அசையாமல் தூங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் பகலும் இரவும் சேர்ந்தாற்போல் இத்தனை நாள் இருந்தது அங்கேதான்.

"பாத்தியா, எப்பிடித் தூங்குறா" என்றேன் ஒரு காலையில்.

"மரத்தடில யாருதான் தூங்கமாட்டா? ஒங்கள மாதிரி இவளையும் ஆக்கிறாதீக. வீட்டுக்குள்ள தூங்கணும். அதத்தான நான் பாக்கணும்" என்றாள் அவள்.

வாடை போயிருக்கும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்குத் திரும்பினோம். மகள்தான் முதலில் உள்ளே ஓடினாள். அவளுடைய எலுமிச்சை அறையில் இடுப்பு உயரம்வரை பருத்திக்காய் வெடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பெயிண்ட் அப்பளம்போல் எழும்பி நின்றது. இது என்னவென்று அவள் கையால் தடவினாள். பொருபொருவென்று கொட்டிப் பொடி பறந்தது. நான் போய்த் தூக்குவதற்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

தெருவுக்குத் தூக்கி வந்தோம். இழுப்பு மருந்தைக் கொடுத்தோம். வீட்டுக்காரம்மா நாற்காலியைப் போட்டு, வெந்நீர் கொண்டுவந்து, முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. மனைவி இறக்கி வைத்த பையைத் தோளில் மாட்டினாள்.

"திருச்சுழிக்கு எப்ப பஸ்ஸு?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள், என்னிடம் இல்லை.

"பள்ளிக்கூடம் தெறக்க இன்னும் நாள் இருக்கு" என்றேன்.

"நாள் இருந்து என்ன? பூசணம் போயி உப்பு வந்துருக்கு. அடுத்து என்ன வரும்?"

நாற்காலியில் இருந்த மகள்தான் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "யம்மா, மாமா வீட்ல எனக்கு ரூமு இல்ல. இது என் ரூமு. நானே கலர் ஊத்துனேன். கோயிலுக்கே போவோம், அப்பா சரி பண்ணட்டும்."

மனைவி அவளையே பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "தெறக்குற நாளுக்கு மொத நா ராத்திரி. அதுவரைக்கும்தான்" என்றாள். பையை இறக்கவில்லை. அப்படியே கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

நான் பெயிண்ட் கடைக்குப் போனேன். உதிர்ந்ததில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் காட்டினேன். கடைக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணிண்ணே கலந்தீக?" என்றார்.

"போர் தண்ணி."

"ஒங்கூருப் போர் தண்ணியா! அதுல பாத்தி கட்டுனா உப்பளமே போடலாமேண்ணே. செவரு ஏற்கெனவே உப்புத் தண்ணில கட்டுனது, அதுக்கு மேல நீங்க வேற மோந்து ஊத்திருக்கீக." கடையில் நின்ற இன்னொருவர் சிரித்தார். "சிரிக்காதீகண்ணே, நீங்களும் போன வருசம் இதத்தான் பண்ணீக" என்று அவரையும் சேர்த்து வாரினார். சிரிப்பு நின்றது.

உதிர்வதை ஈரத்தோடு சுரண்டு, நல்ல தண்ணீரால் துடைத்து எடு, நன்றாகக் காயவிடு, பிறகு பிரைமர், பிறகு பெயிண்ட், கலப்பதும் நல்ல தண்ணீரில் என்றார். சுவர் துடைக்க அத்தனை நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவது? கோயிலுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். முன்பு குடத்தைப் பிடித்தவள் இப்போது எழுந்து ஊருணிக்கு நடந்தாள். பூசாரியிடம் அவளே கேட்டாள்.

"குடிக்கிற தண்ணிதான் சாமி. செவத்துக்குன்னு கேக்கவே வாய் கூசுது."

"பிள்ள தூங்குறதுக்குத்தானத்தா கேக்குற. மோந்துக்க" என்றார் அவர்.

கேன்களில் நிரப்பிப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் கேன்களை எட்டி உதைத்துப் பார்த்தார். "என்னண்ணே, ஒங்க ஊர்ல குடிக்கத் தண்ணியே இல்லையா?"

"குடிக்க இருக்குண்ணே. செவத்துக்குத்தான் இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போடாமலே போய்விட்டார்.

அதன்பிறகு என் நாள் இப்படித்தான் போனது. காலையில் தண்ணீரோடு பஸ், பகல் முழுக்கச் சுவர், சாயங்காலம் காலி கேனோடு ஆலமரத்தடி. பொடி பறக்கக் கூடாது என்று ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிச் சுரண்டினேன். துடைத்தபின், சுவர் காயும்வரை பெயிண்ட் டின்னைத் தொடவேயில்லை. கத்திரி வெயிலைச் சபிக்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை, அந்த வருடம் நான் மட்டும் அதைக் கும்பிட்டேன். சன்னலையெல்லாம் திறந்துபோட்டதில் சுவர் நாலே நாளில் மண்சட்டிபோல் காய்ந்துபோனது. அதன்மேல் பிரைமர் அடித்தேன். மஞ்சள் சொட்டை மகள் ஆலமரத்தடியிலேயே விட்டுக் கொடுத்தாள். மறுபடி வாங்கிய வெள்ளை டின்னை அங்கே தூக்கிவந்து, கலந்தபின் மறுபடியும் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். வீட்டுக்காரம்மா நான் வேலை செய்யும் மத்தியானங்களில் சோறு கொடுத்தனுப்புவார். தன் வத்தல் மூட்டைகளையும் எங்கள் சாமான் பக்கத்திலிருந்து குடோனின் மறுகோடிக்குத் தள்ளிவைத்திருந்தார். நான் கேட்டதே இல்லை. தார்ப்பாய் செய்த வேலையை மனைவி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் வந்தோம். மகள் இந்த முறை சுவரைத் தொடவில்லை. மூக்கை மட்டும் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் அடிக்கல" என்றாள். மனைவி சுவரில் விரலை வைத்து இழுத்து விரலைப் பார்த்தாள். பிறகு மகளோடு எலுமிச்சை அறையில் பாய் விரித்தாள். நான் முன்னறையில் படுத்தேன். விழித்திருந்து காது கொடுக்க வேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கதவு இடிக்கிற சத்தத்தில்தான் நான் எழுந்தேன். வெயில் கால்மாட்டில் கிடந்தது.

"தம்பி! உள்ள ஆளு இருக்கீகளா, மறுபடி கோயிலுக்குப் போயிட்டீகளா? பள்ளிக்கூடத்துல மணி அடிச்சாச்சு!" என்று வெளியே வீட்டுக்காரம்மா கத்திக்கொண்டிருந்தார்.

உள்ளறைக்கு ஓடினேன். மனைவியும் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தாள், கூந்தல் அவிழ்ந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவள்போல. மகள் சுவரை ஒட்டிக் குப்புறக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. மூச்சு சீராக, சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. எழுப்பக் குனிந்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. அண்ணன்தான். எடுத்தாள்.

"என்னத்தா, பிள்ள தூங்குச்சா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

மனைவி மகளைப் பார்த்துக்கொண்டே, சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள்: "மெதுவாப் பேசுண்ணே. இன்னும் தூங்குறா."